ஐந்தடி பத்து

அவள் பிக்கப்பின் பின்தொட்டிக்குள் முட்டிபோட்டு, அளக்கும் டேப்பின் நுனியைத் தகரத்தோடு அழுத்திப் பிடித்திருந்தாள். மறுமுனையை, வண்டித் தொட்டிகளுக்குக் கூண்டும் மூடியும் போட்டுத் தரும் கடைக்காரர் இழுத்துக்கொண்டு பின்னால் போனார். அப்பா முன்சீட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"இறங்கி வந்து பாருங்கப்பா."

"நீ பாத்தா போதாதா? காலையிலேர்ந்து முதுகு ஒரு மாதிரி பிடிச்சிருக்கு."

மூன்று வாரமாக வீட்டில் இந்த வண்டியைப் பற்றித்தான் பேச்சு. அவர்கள் இருவரும் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்பவர்கள். தெருவில் அப்பாவுக்கு 'ஜில்லு' என்று பெயர். தொழிலும் அதுதான், குணமும் அதுதான். போன மழையில் வண்டியில் இருந்த கருவிப்பெட்டி முழுக்க நனைந்து, கரண்ட் அளக்கும் மீட்டர்கள் இரண்டு செத்துப் போயின. தொட்டிக்கு மேலே ஏதாவது போட்டாக வேண்டும் என்பதில் இருவருக்கும் சண்டை இல்லை. என்ன போடுவது என்பதில்தான்.

அவளுக்குக் கூண்டு வேண்டும். ஜன்னலும் பின்கதவும் வைத்து, ஒரு சின்ன அறை போல. உள்ளே இரண்டு பக்கமும் தட்டு அடித்து சாமான்களை ஒழுங்காக அடுக்கலாம். அப்பாவுக்குச் சுருட்டி வைக்கிற மூடி போதும். சின்ன வேலைக்குப் போகும்போது மூடிக்கொள்ளலாம், ஃப்ரிட்ஜ் ஏற்றும்போது சுருட்டி விடலாம். "ஃப்ரிட்ஜ நிக்க வெச்சுத்தான் கொண்டு போகணும். படுக்கப் போட்டா கம்ப்ரஸர் எண்ணெயெல்லாம் குழாய்க்குள்ள ஏறிக்கும்" என்று, அவளுக்குத் தெரியாதது போல, தினமும் சாப்பிடும்போது சொல்லுவார்.

"கூண்டு போட்டா உள்ள மூணரை அடி உயரம் கிடைக்கும்," என்றார் கடைக்காரர்.

"அப்பா, அந்த பல் டாக்டர் வீட்டு ஃப்ரிட்ஜ் எவ்ளோ உயரம்?"

"அஞ்சடி பத்து," என்று முன்னாலிருந்து குரல் வந்தது.

"சரி. அந்த மாதிரி ராட்சசன் மாசத்துக்கு எத்தன வருது? நீங்களே சொல்லுங்க."

பதில் இல்லை. அவள் கடைக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தாள். பேச்சில் தோற்றால் அப்பா வாயை மூடிக்கொள்வார், அதுதான் அவர் பழக்கம். ஜெயித்துவிட்ட தெம்பில், முற்றத்தில் மாதிரிக்கு வைத்திருந்த கூண்டுக்குள் குனிந்து போய்ப் பார்த்தாள். கதவைத் திறந்து மூடினாள். தட்டுகளை விரலால் தட்டினாள். உள்ளே விளக்குகூட வைக்கலாம் என்றார் கடைக்காரர். நாலைந்து நிமிடம் இருக்கும். பிறகுதான் வண்டியின் முன்பக்கம் போனாள்.

மருத்துவமனையில் பெண் மருத்துவருக்கு அவள் வயதுதான் இருக்கும். "உங்கப்பாவக் கொண்டு வரும்போதே உயிர் இல்லீங்க" என்றார். அவள் தலையாட்டினாள். "ஹார்ட் அட்டாக். ஆம்புலன்ஸ் வர்றதுக்கு முன்னாடியே போயிருக்கும். ஒரே நிமிஷம். வலி தெரிஞ்சிருக்காது." அதற்கும் தலையாட்டினாள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டாள். போட்டாள். தேதி எழுதும் இடத்தில் தன் பிறந்த தேதியை எழுதிவிட்டு, அடித்துத் திருத்தினாள். அழுகை வரும் என்று பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தாள். வரவில்லை. எதிர்ச்சுவரில் ஏசி ஒரு மாதிரி கரகரத்தது. ஃபேன் பேரிங் போயிருக்கிறது என்று நினைத்தாள்.

சாயங்காலம் வீடு நிறைய ஆட்கள். செருப்புகள் படிக்கட்டு வரை கிடந்தன. அம்மா கட்டிலில் சுவரோரம் சாய்ந்திருந்தாள். சவப்பெட்டி செய்கிறவர் போன் செய்தார்.

"உயரம் மட்டும் சொல்லும்மா. காலையில தயாரா இருக்கும்."

"அஞ்சடி பத்து."

அம்மா தலையைத் தூக்கினாள். "யாருக்கு?"

"அப்பாவுக்கும்மா. பெட்டிக்கு."

"உங்கப்பா அஞ்சடி ஆறுதான்டி," என்றாள் அம்மா. "அஞ்சடி பத்து அந்த டாக்டர் வீட்டு ஃப்ரிட்ஜு. ரிப்பேருக்குக் கொண்டு வந்தப்ப நம்ம வீட்டுக்குள்ள நுழையலன்னு கதவையே கழட்டி வெச்சாரே, மறந்துட்டியா?"

பக்கத்தில் இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போனில் பெட்டிக்காரர் காத்திருந்தார்.

"அஞ்சடி ஆறு," என்றாள் அவள். "மாத்திச் சொல்லிட்டேன்."

மறுநாள் காலை அண்ணன் வந்து சேர்ந்தான். இரண்டு விமானம் மாறி வந்தவன், பையை இறக்கி வைக்காமலே அழுதான். அவன் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். அவன் சட்டையில் யாரோ சிந்திய காபி வாசனை அடித்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் கேட்டான்.

"நீதானே கூட இருந்த. கடைசியா என்ன சொன்னாரு? என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

அவள் வாயைத் திறந்தாள். அம்மா கட்டிலிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மகன் பக்கம் திரும்பினாள்.

"வேலையப் பத்திப் பேசிட்டிருந்தாருப்பா. வேற என்னத்தப் பேசுவாரு அந்த மனுஷன்? நீ போய் முதல்ல குளி."

பத்து மணிக்கு அடக்கம். பதினொன்றரைக்கு எல்லாம் முடிந்திருந்தது.

நான்காம் நாள், பஸ் பிடித்து அந்தக் கடைக்குப் போனாள். வண்டி முற்றத்தின் ஓரத்தில், நிழலில் நின்றிருந்தது. தொட்டியின் மேல் கடைக்காரரே தார்ப்பாய் போட்டு, நாலு மூலையும் இழுத்துக் கட்டியிருந்தார்.

"ராத்திரி மழை வந்துச்சும்மா. அதான்." சாவியை நீட்டினார். "இப்ப ஒண்ணும் அவசரமில்ல. பொறுமையா யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்க ஒண்ணும் இல்லீங்க. கூண்டே போட்டுடுங்க."

அவர் தயங்கினார். "இல்ல... அப்பா மூடிதான் வேணும்னு சொல்லிட்டிருந்தாரே. பெரிய ஃப்ரிட்ஜ் ஏத்தணும்னா?"

"எப்பவும் மேல்பக்கம் அவர்தான் பிடிப்பாரு, கீழ்ப்பக்கம் நான் பிடிப்பேன்," என்றாள். "இனிமே வீட்டுக்குப் போய்ச் செய்யற வேலை மட்டும்தான். கருவிப்பெட்டி நனையாம இருந்தா போதும்."

கடைக்காரர் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். என்ன நிறம் என்று கேட்டார். வண்டி நிறமே இருக்கட்டும் என்றாள். வர ஒரு வாரம் ஆகும், வந்ததும் போன் பண்ணுகிறேன் என்றார். கதவு வரை கூடவே வந்து, எதையோ சொல்ல நினைத்து, "பாத்துப் போம்மா" என்று மட்டும் சொன்னார்.

வண்டியை எடுத்தாள். கடைத்தெரு முனையில் சிக்னல் விழுந்து நின்றபோதுதான் பக்கத்துச் சீட்டைப் பார்த்தாள். ஆம்புலன்ஸ்காரர்கள் அப்பாவைப் படுக்க வைப்பதற்காகப் பின்னால் முழுசாகச் சாய்த்திருந்தார்கள். அப்படியே கிடந்தது. அவள் பெல்ட்டைக் கழற்றி, குறுக்கே எட்டி, சீட்டுக்கு அடியில் கையைவிட்டு அந்தப் பிடியைத் தேடினாள். தூக்கியதும் சீட்டு சட்டென்று எழுந்து நேராக நின்றது.

சிக்னல் பச்சையாகியிருந்தது. பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார். இன்னொருவரும் அடித்தார். அவள் பெல்ட்டை மறுபடி மாட்டிக்கொண்டு, கியரைப் போட்டாள்.