தெள்ளுப்பூச்சியால் வந்த பகை

என் புருஷனும் என் தம்பியும் பதினான்கு வருடம் பேசிக்கொள்ளவேயில்லை. சொத்துத் தகராறு கிடையாது. தெள்ளுப்பூச்சிதான் காரணம். நாயின் மேல் குதிக்குமே, அதே தெள்ளுப்பூச்சி. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று நான் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

இருவரும் ஒரே அகராதி அலுவலகத்தில், ஒரே அறையில் வேலை பார்க்கிறவர்கள். எந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடி அட்டையில் எழுதுவது அவர்கள் பிழைப்பு. அதைத் தட்டச்சு செய்வது என் பிழைப்பு. பாதி உலகம் பேசும் மொழிகளுக்கு ஒரு காலத்தில் ஒரே தாய் இருந்தாளாம். ஈக்கு அவள் வைத்த பெயர் பிள்ளைகளிடம் ஓரளவு ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டது. தெள்ளுப்பூச்சியின் பெயர் மட்டும் தாறுமாறு. லத்தீனில் பூலெக்ஸ், கிரேக்கத்தில் ப்ஸுல்லா, சமஸ்கிருதத்தில் ப்லுஷி, லிதுவேனிய மொழியில் ப்லுஸா. எல்லாம் ஒரே எழுத்துகளை டப்பாவில் போட்டுக் குலுக்கிக் கொட்டினாற்போல இருக்கிறது.

பெயரைச் சொன்னால் பூச்சி வந்துவிடும் என்று பயந்து, ஆளாளுக்கு எழுத்தை மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள் என்றான் தம்பி. பயப்பட அது என்ன புலியா, நாக்கு வழுக்கியிருக்கும், அவ்வளவுதான் என்றார் இவர். பேச்சு முற்றியது. இவர் சும்மா இருப்பாரா? பக்கத்து வீட்டு நாயிடமிருந்து மூன்று தெள்ளுப்பூச்சிகளைக் கண்ணாடி ஜாடியில் பிடித்து வந்து, அலுவலகமே வேடிக்கை பார்க்க, பதினொரு மொழிகளில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். காலையில் தொடங்கியது, சாப்பாட்டு நேரம் வரை நடந்தது. ப்லுஸா என்றபோது ஒன்று குதித்தது. பார்த்தீர்களா, வந்துவிட்டது என்றான் தம்பி. குதிப்பது அதன் தொழில் என்றார் இவர். அன்று சாயங்காலமே இரண்டு மேசைக்கும் நடுவில் ஓர் இரும்பு அலமாரியை இழுத்து நிறுத்தினார்கள்.

அதன்பிறகு என் உயிரை வாங்கினார்கள். காலையில் இவர் சொன்னபடி தெள்ளுப்பூச்சிப் பக்கத்தை அடிப்பேன், மத்தியானம் தம்பி திருத்திக் கொடுப்பான், மறுநாள் இவர் கிழித்துப்போடுவார். நாற்பத்தொரு தடவை அடித்திருக்கிறேன். அகராதி அந்தப் பக்கத்தைத் தாண்டவேயில்லை.

போன வாரம் தம்பி வேலையை விட்டான். வேறு ஊரில், தூரத்தில், ஓர் அருங்காட்சியகத்தில் வேலை கிடைத்திருந்தது. நாலு மணிக்கு ரயில். மேசையைக் காலி செய்யப் பெட்டியோடு இரண்டு மணிக்கு வந்தான். எனக்கு இருப்பது ஒரே தம்பி. இந்தக் கோபத்தோடு போனால் திரும்பி வரவே மாட்டான், என் பிடிவாதம் அவனுக்கும் உண்டு. ஒரு வார்த்தை பேசி அனுப்பி வையுங்கள் என்று இவரிடம் போய்க் கெஞ்சினேன்.

அட்டையிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "யாரு, அலமாரிக்கு அந்தப் பக்கமா?" என்று கேட்டார்.

எனக்கு வந்ததே கோபம். "பதினாலு வருஷமா அந்தப் பக்கம்கிறீங்க, தாடிங்கிறீங்க, பெரிய மனுஷன்கிறீங்க, உன் வீட்டு ஆளுங்கிறீங்க. ஒரு தடவையாவது அவன் பேரு உங்க வாயில வந்திருக்கா? கூப்பிட்டா வந்து நின்னுடுவான்னு பயம்தானே உங்களுக்கு?"

இவர் பேனாவைக் கீழே வைத்தார். முகம் வெளுத்துவிட்டது. மனம் இளகிவிட்டது என்று நினைத்தேன். எங்கே? புது அட்டை ஒன்றை எடுத்து, நான் சொன்ன நாலையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் எந்த வருடம் தொடங்கியது என்று என்னையே கேட்டார். அந்த ஜாடி கையில் கிடைத்திருந்தால் தலையிலேயே போட்டிருப்பேன்.

பிறகு எழுந்து அலமாரியைச் சுற்றிக்கொண்டு போய் அட்டையை நீட்டினார். "உன் கட்சிக்கு ஒரு சான்று. பயந்தா மனுஷன் பேரை மாத்திடுறான். நான் மாத்தியிருக்கேன்."

தம்பி அட்டையை இரண்டு தடவை படித்தான். கண் கலங்கியிருந்தது, ஆனாலும் படித்த படிப்பு விடவில்லை. ஒரே ஒரு சான்றை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினான்.

நானும் இவரும் ரயில் நிலையம் வரை கூடவே போனோம். தம்பி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். வண்டி நகர்ந்தது. ஜன்னலில் அவன் கை தெரிந்தது. திடீரென்று இவர், நழுவும் வேட்டியும் ஒற்றைக் கால் செருப்புமாக வண்டியோடு ஓடி, அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். முழுப் பேரையும், ஓர் எழுத்து மாற்றாமல், தொண்டை கிழிய. நான் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வண்டி போய்விட்டது.

ஆறு மணிக்கு வீட்டுக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் தம்பி, பெட்டியோடு. அடுத்த நிலையத்தில் இறங்கிவிட்டானாம்.

"அத்தான் பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டாரே அக்கா," என்றான். "அப்புறம் எப்படிப் போறது?"