அடியில்லாத ஏரிக்கு ஈயம் காய்ச்சியது

ஆந்திரா தனி ராஜ்யமான வருஷம், ஐப்பசி மாசத்தில், காரைப்பேட்டு ஏரிக்கு அடி இல்லாமல் போனது. கரை இருந்தது, மதகு இருந்தது, தண்ணீரும் வழக்கம்போல் கலங்கலாகத்தான் இருந்தது. எருமை குளிப்பாட்டும்போது கன்னையாவின் கை நழுவி விழுந்த பித்தளைச் சொம்பைத் தேடி முழுகியவர்கள் காலில் சேறு படாமலே திரும்பி வந்தபோதுதான் சங்கதி தெரிந்தது. ஊர்க் கிணற்றுக் கயிறுகளையெல்லாம் ஒன்றோடொன்று முடிந்து, நுனியில் அம்மிக் குழவியைக் கட்டி இறக்கினார்கள். கயிறு தீர்ந்த பிறகும் குழவி தொங்கிக்கொண்டேதான் இருந்தது. எல்லை அளக்க வந்தவர்கள் தண்ணீருக்குக் குறுக்கே சங்கிலியை இழுத்துக்கொண்டு போனதில் அடி கழன்றுவிட்டது என்றான் ஒருத்தன். எந்த ராஜ்யத்துத் தரையாக இருப்பது என்று புரியாமல் தரை எழுந்து போய்விட்டது என்றான் இன்னொருத்தன். நாகலாபுரத்துக்கும் புத்தூருக்கும் நடுவில் இருக்கிற ஊர், மெட்ராஸோடு சேருமா ஆந்திராவோடேயே இருக்குமா என்று யாருக்கும் தெரியாத காலம், ஆகையால் இரண்டையும் நம்பினார்கள். சித்தூரிலிருந்து வந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டு, தீர்வை பரப்புக்குத்தான், ஆழத்துக்கு இல்லை என்று சொல்லி, ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டு பஸ் ஏறினார்.

அந்தக் கார்த்திகையில் ஐந்து நாள் விடாத மழை. ஏரி ததும்பி நின்றது, மதகை அடைத்திருந்த கல் சிக்கிக்கொண்டது. கல்லைப் பெயர்க்காவிட்டால் கரை உடையும், கரை உடைந்தால் கீழே இருக்கிற நூற்றிருபது வீடும் போகும். முழுகிப் பெயர்க்க ரங்கன் இறங்கினான். இருபத்தாறு வயசு, நல்ல உடம்பு, தண்ணீரில் பயமே கிடையாது. இடுப்பில் எட்டுப் பாகம் கயிறு. இரண்டு கையையும் அகல நீட்டினால் ஒரு பாகம். மறுமுனையைக் கரையில் பிடித்திருந்தவன் அவனுடைய தம்பி கங்கையா. கூட்டம் கூடியிருக்கிறதே என்று, எல்லை மனுவுக்குத் தலை எண்ண வந்திருந்த இரண்டு பேர் குடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நோட்டைத் திறந்துவிட்டார்கள். மெட்ராஸோடு சேரணும் என்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார்கள், ஊர்க் கண்ணெல்லாம் நோட்டுப் பக்கம் போய்விட்டது. கல் பெயர்ந்தது, தண்ணீர் மதகில் பீறிக்கொண்டு வெளியே பாய்ந்தது, ஊர் பிழைத்தது, ரங்கன் வரவில்லை. கயிறு கல் விளிம்பில் பட்டு அறுந்துபோச்சு என்று கங்கையா மாரில் அடித்துக்கொண்டு அழுதான். மிச்சம் என்று இரண்டு முழக் கயிற்றைக் காட்டினான். அடி இருந்திருந்தால் காலால் ஒரு உந்து உந்தி மேலே வந்திருப்பான், உந்த அடி இல்லையே என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள்.

ரங்கன் பெண்டாட்டி மணியம்மாவுக்கு அப்போது இருபத்துநாலு. பொணம் கிடைக்காததால் எழவு எடுக்கவில்லை, கருமாதி செய்யவில்லை, தாலியும் கழுத்திலேயே இருந்தது. ஊர்க் கணக்கு எல்லாம் எழுதுகிற கர்ணம் வேதாச்சலம், பொணத்தைப் பார்க்காமல் சாவுப் பதிவில் பேர் ஏற்ற முடியாது என்று கையை விரித்துவிட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, சட்டம் அப்படி. இப்படியே ஆறு வருஷம் போனது. கல்யாண வீட்டில் குங்குமத் தட்டு வரிசையாக வரும். மணியம்மா முன்னால் ஒரு மூச்சு நிற்கும். கொடுக்கலாமா கூடாதா என்று தட்டைப் பிடித்தவள் முழிப்பாள். அப்புறம் தட்டு தாண்டிப் போய்விடும். எழவு வீட்டிலும் அதே கதைதான், தாலி அறுத்தவர்கள் பக்கம் உட்காரப் போனால் தள்ளி உட்காரச் சொல்வார்கள். வாய்விட்டுத் திட்டினால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கங்கையா ஒரு குறையும் வைக்கவில்லை. தன் நிலத்தை உழுவதற்கு முன்னால் அண்ணி நிலத்தை உழுதான், அவள் வீட்டுக்கு நெல் வந்த பிறகுதான் தன் வீட்டுக்கு மூட்டை தூக்கினான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு கொழுந்தனா என்று ஊரே மெச்சியது. மெச்சும்போதெல்லாம் அவன் எழுந்து வெளியே போய்விடுவான்.

எல்லைத் தகராறு முடிந்து எந்த ஊர் எங்கே என்று பட்டியல் வரப்போகிறது என்ற பேச்சு அடிபட்ட வருஷம், தை அமாவாசைக்கு வைக்கோல் பொம்மை செய்து கொளுத்தி அண்ணனுக்குக் காரியம் முடித்துவிடலாம் என்று கங்கையா பெரியவர்களைக் கூட்டினான். மணியம்மா வாசப்படியிலேயே நின்று கேட்டாள். "கண்ணால பாக்காம நான் அறுக்க மாட்டேன். மாசி வரிக்கும் டைம் குடுங்க. ஒரே ஒரு வலை வுட்டுப் பாக்கறேன். அதுல அவரு வரலன்னா, யாரும் சொல்ல வாணாம், நானே கழட்டிக் குடுத்துடறேன்." வலை பதினோரு பாகத்துக்கு மேல் இறங்காதே, அதுதான் ஊருக்கே தெரியுமே என்றார் ஒரு பெரியவர். இறங்குற மாதிரி குண்டு ஊத்திக்கறேன் என்றாள். பெண்பிள்ளை பேச்சுக்கு மறுபேச்சு யாரும் சொல்லவில்லை, ஒரு மாசந்தானே.

காரைப்பேட்டில் வலைக்கு ஈயக்குண்டு ஊற்றும்போது வாயைத் திறக்கக் கூடாது. ஊற்றுகிற நேரத்தில் பேசினால் பேச்சு குண்டுக்குள் ஏறிவிடும், வலை கனத்துப்போகும், வீசுகிறவன் தோள்பட்டை இறங்கிவிடும். இது கதை இல்லை. ஏழுமலையின் மாமனார் குண்டு ஊற்றும்போது பங்காளியைத் திட்டிவிட்டு, அந்த வலையைச் சாகும்வரை இரண்டு ஆள் வைத்துத்தான் தூக்கினார். அதனால் ஈயம் காய்ச்சுகிற அன்றைக்குக் குழந்தைகளை விரட்டிவிட்டு எல்லோரும் ஊமையாக வேலை செய்வார்கள். மணியம்மா யோசித்தது எளிமையான யோசனை. ஊமைக் குண்டு பதினோரு பாகம் போகிறது என்றால், பேசி ஊற்றிய குண்டு எத்தனை பாகம் போகும்?

வீடு வீடாகப் போனாள். வீட்டுக்கு ஒரு பிடி ஈயம், வீட்டுக்கு ஓர் ஆள், அந்த ஆளிடம் இதுவரைக்கும் யாருக்கும் சொல்லாத ஒரு பேச்சு. கேட்டது இவ்வளவுதான். முதல் இரண்டும் சுலபமாகக் கிடைத்தன. கிழிந்த வலையிலிருந்து அவிழ்த்த குண்டு, கொக்கு சுடுகிற ரவை, புத்தூர் லாரி ஷெட்டில் எறிந்த பேட்டரித் தகடு என்று கூடை நிரம்பியது. கமலம்மா ரசம் வைக்கிற ஈயச் சொம்பையே கொண்டுவந்து நீட்டினாள். அது வெள்ளீயம், கனம் பத்தாது, எடுத்துக்கினு போயி ரசம் வையி என்று மணியம்மா திருப்பி அனுப்பினாள். மூணாவதற்குத்தான் ஜனங்கள் இழுத்தார்கள். எனக்கு அப்படி ஒரு பேச்சும் இல்லை என்று சொல்லாத வீடே கிடையாது. அவள் வாதாடவில்லை. "யாரு கேக்கப் போறாங்க? ஈயத்துக்குத்தான சொல்லப் போற" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள். பாதி ஊரோடு பேச்சுவார்த்தை இல்லாத மளிகைக்கடை சிட்டிபாபு மட்டும், "தெலுங்குல சொன்னா பரவால்லியா?" என்று கேட்டார். தாராளமா சொல்லு நைனா என்றாள்.

மாசி மாசம் ஒரு புதன்கிழமை, வெயில் ஏறியதும், களத்துமேட்டில் மூன்று அடுப்பு மூட்டினார்கள். புளிய விறகு நின்று எரிந்தது. இரும்புச் சட்டியில் ஈயம் உருகி, மேலே படிந்த அழுக்கைக் கரண்டியால் வழித்துத் தள்ளியதும் பளிச்சென்று முகம் தெரிந்தது. மாக்கல்லில் குடைந்த அச்சு இரண்டு பாதி. நடுவில் துளைக்காக விளக்கெண்ணெய் தடவிய கம்பி. அச்சில் ஈரம் பட்டிருந்தால் ஈயம் வெடித்து முகத்தில் தெறிக்கும், அதனால் அழுகை வந்தால் தள்ளிப் போய் அழுதுவிட்டு வரவேண்டும் என்று மணியம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டாள். நல்லவேளை சொன்னாள். ஒவ்வொருத்தராக வந்து, குந்தி, கரண்டியைச் சாய்த்து, அச்சின் வாய்க்கருகில் குனிந்து முணுமுணுத்தார்கள். சிலருக்கு இரண்டு வார்த்தை போதும். ரத்னம்மா ஒரே குண்டுக்கு அரை நாழி பேசினாள், ஈயம் ஆறிக் கெட்டியான பிறகும் பேசிக்கொண்டிருந்தாள். பிரித்தெடுத்து மணலில் போட்ட குண்டுகள் சுண்டுவிரல் அளவுதான், ஆனால் மணலில் ஒவ்வொன்றும் ஒரு ஆழத்துக்குப் புதைந்தது. தெலுங்கில் சொன்ன குண்டும் தமிழில் சொன்ன குண்டும் ஒரே கனம் கனத்தன. மணியம்மா தன் முறை வந்தபோது, "உன் மொகம் எனக்கு மறந்து போயே நாலு வருசமாச்சுய்யா" என்று சொன்னாள். அந்தக் குண்டை எடுக்க அவளுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

கங்கையா கடைசியில் வந்தான். காலையிலிருந்து விறகு பிளந்துகொண்டிருந்தவன், விறகு போதும் என்று நாலு பேர் சொன்ன பிறகுதான் கோடரியைக் கீழே வைத்தான். குனிந்தான். உதடு அசைந்ததுகூடத் தெரியவில்லை. அச்சைப் பிரித்ததும் குண்டு கல்லிலிருந்து கழன்று விழுந்து களத்து மண்ணில் ஒரு முழம் உள்ளே போய்விட்டது. கடப்பாரை போட்டுத் தோண்டி நாலு ஆம்பிளைகள் சேர்ந்து வெளியே எடுத்தார்கள். ஈயத்திடம் சொன்னதைக் கேட்பதில்லை என்று பேச்சு, யாரும் கேட்கவில்லை. மணியம்மா கேட்கவில்லை, ஆனால் அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை. நூற்றிருபது குண்டுகளையும் வலை ஓரத்தில் கோத்தார்கள், கங்கையாவின் குண்டு நடுவில்.

வலையை வீச முடியாது, நாலு ஜோடி மாடு கட்டி மதகடியில் இறக்கினார்கள். கயிறு நாற்பது பாகந்தான், ஆனால் மூன்று நாள் இறங்கியது. அது எப்படி என்று சிட்டிபாபு கேட்டதற்கு, போவுதுல்ல, உடு என்றார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் கயிறு தொய்ந்தது. அடி தட்டிவிட்டது. மாடுகளைத் திருப்பிக் கட்டி ஓட்டினார்கள். முதலில் கன்னையாவின் சொம்பு வந்தது. அப்புறம் ஆறு வருஷமாக யாரும் கண்ணால் பார்க்காத விரால்கள் வந்தன. அப்புறம் ரங்கன் வந்தான்.

இன்றைக்குக் காலையில் முழுகிச் செத்தவன்போல் இருந்தான். மீன் தொடவில்லை, உடம்பு ஊதவில்லை, நகக்கண்ணில் மதகுக் கல்லின் பாசி அப்படியே இருந்தது. அதே இருபத்தாறு வயசு. முப்பது வயசு மணியம்மா அவன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இந்த மொகந்தான், இந்த மொகந்தான் என்று சொல்லி, ஆறு வருஷ அழுகையையும் சேர்த்து அழுதாள். கூட இருந்தவர்களும் அழுதார்கள். பெண்களில் ஒருத்தி, அவளுக்குத் தம்பி மாதிரி இருக்கிறானே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அழுது ஓய்ந்த பிறகுதான் மணியம்மா அவன் இடுப்பைப் பார்த்தாள். கயிறு இருந்தது. அவள் அதன் நுனியைப் பிடித்து எழுந்து, கைகளை அகல விரித்து, ஊர் பார்க்க அளந்தாள். ஒண்ணு, ரெண்டு என்று சத்தமாகச் சொன்னாள். எட்டுப் பாகம் சரியாக இருந்தது. நுனியில், கரையில் நிற்பவன் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் சுருக்கு அவிழாமல் இருந்தது. கல்லில் அறுந்த கயிற்றுக்கு நுனியில் சுருக்கு எங்கிருந்து வரும்? கங்கையா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ரெண்டு கையையும் தூக்கிட்டேன் அண்ணி" என்றான். "மெட்ராஸுக்குக் கை தூக்குன்னாங்க. ஒரு கை போதும். எனக்கு வந்த வேகத்துல சுருக்கக் கழட்டிட்டு ரெண்டையும் தூக்கிட்டேன். திரும்பிப் பாக்கறதுக்குள்ள கயிறு தண்ணிக்குள்ள போயிக்கினு இருந்திச்சி. இன்னொரு கயித்த அறுத்து உங்ககிட்ட காட்டுனேன்."

மணியம்மா அந்தக் கயிற்றாலேயே அவனை அடித்தாள். தோளிலும் முதுகிலும் கை ஓய்கிறவரை அடித்தாள். யாரும் தடுக்கவில்லை, அவனும் கையைக் குறுக்கே கொண்டுவரவில்லை. அவன் சொல்லிவிட்டான் என்பதற்காகக் குண்டு கனம் குறைந்ததா என்று இரண்டு பேர் போய்த் தூக்கிப் பார்த்தார்கள். அதே கனந்தான். கயிற்றைக் கீழே போட்டுவிட்டு அவள் மூச்சு வாங்க நின்றாள். "எழுந்திரு" என்றாள். "போயி தல முழுவிட்டு வா. கொள்ளி நீதான் வெக்கணும். அவருக்கு வேற யாரு கீறாங்க?"

பாடை கட்டுகிற நேரத்தில் வேதாச்சலம் சாவுப் பதிவைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பொணத்தை ஒரு தடவை பார்த்தார், இனி எழுதத் தடை இல்லை. கார்த்திகை மாசத்துத் தேதியைத் தேடி ஆறு வருஷத்துக்கு முந்தின பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவரை மணியம்மா நிறுத்தினாள்.

"இன்னா தேதி போடறீங்க?"

அவர் சொன்னார்.

"அது வாணாம். இன்னிக்குத் தேதி போடுங்க. இன்னிக்குக் காலீல வரிக்கும் நான் அவரு பொண்டாட்டி."

வேதாச்சலம் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். சட்டத்தில் இதற்கு இடம் உண்டா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. பொணத்தின் முகத்தை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு புதுப் பக்கத்தைத் திருப்பி, அன்றைய தேதியைப் போட்டு, வயது இருபத்தாறு என்று எழுதினார். காரணம் என்னவென்று போட என்று கேட்டார். ஈர வேட்டியோடு வந்து நின்ற கங்கையாவை மணியம்மா ஒரு தடவை பார்த்தாள். ஊருக்காக முழுவுனாரு, அத்தப் போடுங்க என்றாள். அவர் அதையே எழுதி, மை காயும்வரை ஊதிவிட்டு நோட்டை மூடினார். கமலம்மா மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்தாள், நிற்காமல், தயங்காமல், நேராக மணியம்மாவிடம் வந்து, நெற்றி நிறைய வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு தாலியை மணியம்மாவே கழட்டினாள், யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.