நிகானோர் பெயரில் இரண்டு ரொட்டி

ரொட்டிக் கடையில் நிகானோர் பெயரில் இரண்டு ரொட்டி இருந்தது. ஒன்று நான் சொல்லிவைத்தது. இன்னொன்று யார் சொன்னது?

வருஷத்துக்கு ஒருமுறை செத்தவர்கள் வீட்டுக்கு வரும் நாட்கள் நெருங்கினால், எங்கள் சாச்சிலா ஊரில் அவரவர் மாவையும் முட்டையையும் ரொட்டிக்காரர் ஏலியோவிடம் கொடுத்துவிடுவோம். அவர் பிசைந்து சுட்டு, மேலே ஒரு குட்டி முகத்தைப் பதித்து, சர்க்கரைக் கூழால் பெயரும் எழுதித் தருவார். கடை முழுக்கச் சிப்பி, காது, கொம்பு, வெல்லப் பன்றி என்று விதவிதமான வடிவில் இனிப்பு ரொட்டிகள். என் கண்ணோ அந்தப் பெயரை விட்டு நகரவில்லை. எனக்குத் தெரிந்து ஊரிலேயே நிகானோர் என்று இருந்தது என் புருஷன் ஒருவன்தான். இந்த மழைக்காலத்தில்தான் போய்ச் சேர்ந்தான்.

"இது யாருதுண்ணே?"

ஏலியோ சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். "கோதுமைய இங்க கொண்டுவந்ததே ஸ்பெயின்காரன்தான், தெரியுமா தங்கச்சி? அதுக்கு முன்னாடி நமக்கு எல்லாம் சோளந்தான்..."

"ஸ்பெயின்காரன் கிடக்கான். இந்த மாவைக் கொண்டுவந்தது யாரு?"

"சந்தைக்குப் பின்னாடி செனாயிதா. ஏன் வம்பு, விடேன்."

தையல்காரி செனாயிதா! நல்ல சட்டைக்கெல்லாம் அவளிடமே அளவு கொடுப்பானே, அப்போதே எனக்கு ஒரு மாதிரிதான் இருந்தது. அவளுடைய ரொட்டி என்னுடையதில் பாதிகூட இல்லை. கஞ்சப் பிசினாறி! அங்கே தின்றுவிட்டு என் வீட்டுக்கு ஏப்பம் விட்டுக்கொண்டு வருவானா?

கடையிலேயே காத்து நின்றேன். அவள் வந்து ரொட்டியை வாங்கிப் போனாள். பின்னாலேயே போனேன். கதவைத் தட்டவில்லை, நேரே உள்ளே நுழைந்தேன்.

மேசைமேல் படையல் வைத்திருந்தாள்: பூ, மெழுகுவத்தி, ஒரு டம்ளர் பால், தகர பொம்மைக் கார். அதன் நடுவே நான் தேடி வந்த முகம் இல்லை. இரண்டு வயதுப் பையன் ஒருவனின் படம் இருந்தது.

"உக்காருங்கக்கா," என்றாள், முகம் வெளுத்துப் போய். "இன்னிக்குச் செத்துப்போன குழந்தைங்க வர்ற நாளாச்சே, பெரியவங்க நாளைக்குத்தானே. அதான் சின்ன ரொட்டி."

அப்பாடா என்றிருந்தது. அட, குழந்தை! மயிரைப் பிடித்து உலுக்க வந்த என்னை நானே திட்டிக்கொண்டேன். சமாதானமாக இரண்டு வார்த்தை பேசலாம் என்று படத்தின் அருகே போனேன்.

பையனுக்கு இடது காது மேல்பக்கம் மடிந்திருந்தது. என் புருஷனுக்கும் அப்படித்தான்.

"அப்பன் பேரையே வெச்சியா?"

அவள் பால் டம்ளரைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். "அவரு இங்க வரமாட்டாருக்கா. உயிரோட இருந்தப்பவும் உங்க வீட்டுக்குத்தானே திரும்பி வந்தாரு."

எனக்குப் பிள்ளை இல்லை. "புள்ள எதுக்குடி, நீ ஒருத்தி போதாதா?" என்று வருஷக்கணக்காக என் தலையைத் தடவியவன் அவன். அதை நம்பித்தான் நான் அழுகையை நிறுத்தினேன்.

வீட்டுக்கு வந்து அவன் படத்துக்கு முன்னால் ரொட்டியை வைத்தேன். வாசலிலிருந்து செண்டுப்பூவைப் பாதையாகத் தூவினேன், வழி தப்பிவிடக் கூடாது பாருங்கள். அவன் விரும்பிக் குடிக்கும் சாக்லேட்டை மட்டும் காய்ச்சவில்லை. நாளை மத்தியானம் கோயில் மணி அடித்ததும் வருவான்.

வரட்டும்.