டிரம்முக்குள் போட்டிக்காரன்

கரையானுக்கு மருந்தடிக்க வந்தவன், அந்த வீட்டுச் சாமான் அறையில் நீல டிரம்மின் மூடியைத் திறந்தான். உள்ளே, தலையை வயிற்றுக்குள் செருகிக்கொண்டு, செதில் பந்தாகச் சுருண்டு கிடந்தது ஓர் எறும்புத்தின்னி. கதவு நிலையெல்லாம் கரையான் அரித்துக் கொட்டுகிறது. அதை மூக்குப் பிடிக்கத் தின்று தீர்க்கிற பிராணியை விற்பதற்கு அடைத்து வைத்துவிட்டு, மருந்தடிக்க ஆள் கூப்பிட்டிருக்கிறான் மடையன்!

"என்னத்தப் பாத்த?" பின்னால் வீட்டுக்காரன் நின்றிருந்தான்.

"ஒண்ணுமில்ல சார். கரையான் ஏறியிருக்கான்னு..."

"இத வச்சிருந்தாலே ஜெயில்னு தெரியும்ல? வெளிய மூச்சு விட்டே, நீதான் பிடிச்சுக் கொண்டாந்தேன்னு சொல்லிடுவேன்."

மருந்தை அரைகுறையாக அடித்துவிட்டு வெளியே ஓடிவந்தவன், தன் வேனுக்குப் பின்னால் குத்தவைத்து, முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். நமக்கேன் வம்பு?

பயந்தால் அதுவும் இப்படித்தான் சுருண்டுகொள்ளும். புலிகூடக் கடித்துப் பார்த்துவிட்டு, பல் இறங்காமல் போய்விடும். மனுஷனுக்கோ, அப்படியே தூக்கிச் சாக்கில் போட்டுக்கொள்ள அதுவே வசதி.

வனத்துறை எண்ணை அழுத்தினான். திக்கித் திணறி விலாசத்தைச் சொன்னான்.

"சரி, சொல்றவங்க பேரு?"

மாடி ஜன்னலில் திரை விலகியது. வீட்டுக்காரன் இவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எழுந்து நின்று, தன் பெயரை அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னான்.