இரு அறைகளில் அடைபட்ட சொல்

புக்கிட் பெலண்டோக் தோட்டத்தின் மேட்டு நிலங்களில் விடியற்பனி இன்னும் கலையவில்லை. வரிசை பிறழாது நின்ற செம்பனை மரங்கள் தம் நீண்ட மட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து, நடுவே ஓடும் செம்மண் பாதையை மாலைப்பொழுதுபோல் இருளச் செய்திருந்தன. அப்பாதையின் தொடக்கத்தில் புதிதாய் எழுந்த இரும்புக் கதவொன்று, எவர் முகமும் அறியாத காவலனைப் போல், நீர் சொட்ட நின்றது. அதற்கு அப்பால், ஓடைக்கரையில், செம்பனைக்கு முன் அத்தோட்டத்தில் நின்ற இரப்பர்ப் பால்மரங்களைச் சீவி வாழ்ந்து மாண்டவர்களின் இடுகாடு கிடந்தது. கற்றறிந்தோரே, அக்கதவைத் திறக்க வல்ல சொல்லொன்று பிறந்தது. அது எங்கே தங்கிற்று என்பதே இக்கதை.

பஞ்சாலையின் கணவன் அமிர்தலிங்கம் அங்கே துயில்கின்றான். தோட்டத்தை வாங்கிய புதிய குழுமம், பனங்குலைகள் களவு போவதாகக் கூறிப் பாதையை அடைத்தபின், அவளால் அவன் குழிமேட்டில் விளக்கேற்ற இயலவில்லை. ஆகவே அவள் வழக்குத் தொடுத்தாள். சிரம்பான் மன்றத்து நடுவரோ, வழக்கைக் கேட்குமுன் இரு தரப்பும் பேசி இணங்க முயலட்டும் என்று, இணக்கப் பேச்சு நடத்தும் இராஜமாணிக்கத்திடம் அவர்களை அனுப்பினார்.

"ரெண்டு பேரையும் தனித்தனி அறையில பார்ப்பேன். நீங்க எங்கிட்டச் சொல்றத, நீங்க சரின்னு சொல்லாம அந்தப் பக்கம் சொல்ல மாட்டேன்மா," என்றார் அவர்.

பஞ்சாலை தலையசைத்தாள், நம்பவில்லை. ஏனெனில் தோட்டத்திலே மறைவாய்ச் சொன்ன சொல்லுக்குக் கால்கள் உண்டு என்பதை அவள் அறிவாள். முன்னொரு காலம், கணவனுக்கு நெஞ்சுவலி என்று வேலை மேற்பார்க்கும் மண்டோரின் மனைவியிடம் மட்டும் சொல்லி அழுதாள். அன்று உச்சிப்பொழுதுக்குள் அச்சொல் அலுவலகம் சேர்ந்தது. வலுவற்றவன் என்று அவனை மரம் சீவும் வேலையிலிருந்து நீக்கினர்.

எதிர்த் தரப்பில் வந்திருந்தவன் ஆம்புரோஸ். அன்று தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதிய பழைய கிராணியின் மகன், இன்று குழுமத்தின் மேலாளன். அவன் அறைக்குள் இராஜமாணிக்கம் நுழைந்தபோது, துணைக்கு வந்த அண்டைவீட்டு லெட்சுமி கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள்.

"ஒரே பிளாஸ்க்ல காப்பி குடிக்கிறாங்கக்கா."

"நமக்குந்தான குடுத்தாரு."

"நமக்குக் குடுத்தது சீனி இல்லாத காப்பிலா. அங்க சிரிப்புச் சத்தம் வருது பாரு."

இராஜமாணிக்கம் திரும்பி வந்து பஞ்சாலையின் எதிரே அமர்ந்தார். அவள் தரையை நோக்கியவாறே வாய் திறந்தாள்.

"எனக்குப் பாதையெல்லாம் வேணாங்கய்யா. ஒரு சாவி இருந்தாப் போதும். அவர் தெவசத்துக்கு ஒரு வெளக்கு வைக்கணும். நான் கண்ண மூடுனா அவர் பக்கத்துல என்னப் பொதைக்கணும். அவ்வளவுதான்."

"இதை அவங்ககிட்டச் சொல்லவா?"

"வேணாம். கொறச்சுக் கேக்கறேன்னு தெரிஞ்சா அதையும் குடுக்க மாட்டாங்க. எனக்கு அந்த வம்சத்தத் தெரியும்."

மறு அறையில் ஆம்புரோஸ் குரலைத் தாழ்த்தினான். "சார், ஒரு சாவிய அந்தம்மா கையில குடுக்கறதுல கம்பெனிக்கு ஒண்ணுமில்ல. அவங்க வீட்டுச் சாவு வந்தாக்கூட தூக்கிட்டுப் போகட்டும். ஆனா நான் முந்திச் சொன்னா நாளைக்கு ரோடு கேப்பாங்க, அப்புறம் நெலம் கேப்பாங்க. சொல்லிடாதீங்க."

இரு குடங்களில் ஒரே ஊற்றின் நீரைச் சுமந்தவர்போல் இராஜமாணிக்கம் நடைக்கூடத்தில் நின்றார். ஒன்றைச் சற்றே சாய்த்தால் போதும். ஆயினும் வாக்குக் கொடுத்த வாய் அது. வேறு வழி தேடி, மீண்டும் பஞ்சாலையிடம் வந்து, பொதுப்படையாய்க் கேட்பார்போல், "ஒருவேளை அவங்களே ஒரு சாவி குடுத்தா?" என்றார்.

அவள் கண்கள் சுருங்கின. "அவங்க கேக்கச் சொன்னாங்களா? இல்ல, நான் சொன்னத அங்க சொல்லிட்டீங்களா?"

"நான் எதையும் சொல்லலம்மா."

"பின்ன எப்படி அதே சாவி வருது?"

அவ்வினாவுக்கு உண்மையான விடை அவரிடம் இருந்தது. அதைக் கூறும் உரிமை இல்லை. அவர் வாளாவிருந்தார். அவ்வமைதியைக் குற்றத்தின் ஒப்புதலாய்க் கொண்டு, பஞ்சாலை சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தி எழுந்தாள். "பாதை முழுசா வேணும். இல்லன்னா கேஸு நடக்கட்டும்," என்றாள். இணக்கம் எய்தவில்லை என்று மட்டும் மன்றத்துக்கு அறிவிக்கப்பட்டது.

வழக்கு நடந்தது. அப்பாதை தோட்டத்தாரின் இசைவால் பயன்பட்டதேயன்றி எவருக்கும் உரிமையாகவில்லை என்று நடுவர் தீர்ப்புரைத்தார். சட்டம் தன்னிடம் கேட்கப்பட்டதற்கு விடையளித்தது. கேட்கப்படாத சாவியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

அவ்வாண்டுத் தெவசத்தன்று பஞ்சாலை இரும்புக் கதவின் புறத்தே மண்ணைக் கூட்டி, சூடம் ஏற்றிக் கும்பிட்டு நின்றாள். அவ்வழியே வந்த ஆம்புரோஸ் வண்டியை நிறுத்தினான். சாவிக்கொத்து அவன் கையருகே கிடந்தது. அவளைக் கண்டு அவன் உள்ளம் நெகிழாமலில்லை. ஆயினும், இன்று சூடம், நாளை ஒரு கல், மறுநாள் கோயில் என்று நிலத்தைப் பிடிக்கும் சூழ்ச்சியோ இது என மறு எண்ணம் எழுந்தது. படமெடுத்து மேலிடத்துக்கு அனுப்பத்தான் வந்திருக்கிறான் என்று அவளும் முகம் திருப்பினாள்.

"என்னம்மா இங்க?" என்றான் அவன்.

"ரோட்டுல நிக்கறேன். ரோடும் உங்களுதா?"

அவன் வண்டியைச் செலுத்திப் போனான்.

நெடுங்காலம் ஏமாற்றப்பட்டோர்க்கு ஐயமே வேலி. அவ்வேலி இல்லாதிருந்தால் அவர்கள் என்றோ அழிந்திருப்பர். ஆதலின் அதைக் கட்டினாரைப் பழித்தல் நமக்குத் தகாது. எனினும் வேலி, வருவோன் களவுக்கு வருகின்றானா, கொடுக்க வருகின்றானா என்று கேட்டறிந்து விலகுவதில்லை. ஓடைக்கரையில் அமிர்தலிங்கத்தின் அருகே ஒருத்திக்குப் போதுமான நிலம் புல் மூடிக் கிடக்கின்றது; அதை அவளுக்கு மறுத்தவர் எவரும் இலர்.