கல் புள்ளிக் கால்சட்டை

...இரண்டு படுக்கை விரிப்புகளுக்கு நடுவில்தானே உலரப்போட்டேன், கவ்விகூடக் கொடியிலேயே இருக்கிறது, கால்சட்டையை மட்டும் காணோம், பாழாய்ப்போன புழுதிக்காற்று. மாடிச் சுவரில் எட்டிப் பார்க்கலாமா... வேண்டாம், எதையோ தேடுகிறாள் என்று தெருவுக்கே தெரிந்துவிடும். மணல் நிறம், பழுப்புத் திட்டு, மேலே கறுப்பும் வெள்ளையுமாகப் பொடிக்கல் இறைத்த மாதிரி. பாக்தாதில் பால்குடிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும், பட்டாளத்துத் துணி என்று. "நம்ம பாலைவனத்துல இந்தக் கல்லு எங்க இருக்கு? அமெரிக்காக்காரன் கழிச்சுப் போட்டது," என்று நாதிம் சிரிப்பான். முகாமுக்குள் போய்த்தான் உடுத்துவான், வீட்டுக்கு வரும்போது பைக்குள் அடியில் அது, மேலே வெங்காயம். தெருவைப் பொறுத்தவரை என் புருஷன் மாவு மில்லில் வேலை பார்க்கிறான். மூலை வீட்டு ராத் என்ற பையனை இப்படித்தான், கொடியில் துணியைப் பார்த்தவன் எவனோ ஆயுதக் கும்பலிடம் சொல்லி, மறுநாள் வாசலிலேயே சுட்டு... ஐயோ, அதை ஏன் இப்போது நினைக்கிறேன்? நாதிம் உள்ளே தூங்குகிறானே, எழுப்பிச் சொல்லவா? நாளை விடியற்காலையில் கிளம்ப வேண்டியவன்.

கதவு தட்டும் சத்தம். தட்டுவது கையா, துப்பாக்கிக் கட்டையா? "சுஹாத் கண்ணு, நான்தான், சினானோட அம்மா." பக்கத்து வீட்டுக்காரி, ஊர் வாயெல்லாம் இவள் வாய்தான், எவளுக்குத் தெரியக்கூடாது என்று ஒரு வருஷமாக நடுங்குகிறேனோ அவளே. கையில் ரொட்டித் தட்டு. மூடிய துணியை லேசாக விலக்கினாள், ரொட்டிக்கு அடியில் கல் புள்ளி.

"எங்க மாடில கெடந்துச்சு."

"மாமி, அது வந்து..."

"ரொட்டி ஆறிடும், உள்ள போ. தட்டை அப்புறமாக் குடு."

தாழ்ப்பாள் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து அழுதேன். இனி நாதிமின் உயிர் அவள் நாக்கில். பிரித்து உதறினேன்... ஏன் இவ்வளவு நீளம்? நாதிம் குள்ளம், நான் நாலு விரல் மடித்துத் தைத்திருந்தேன், இதில் மடிப்பே இல்லை. இது அவனுடையது அல்ல. இந்தத் தெருவில் நெட்டையன் சினான் ஒருவன்தான், பாஸ்ராவில் ஐஸ் ஃபேக்டரியில் இருக்கிறானாம், மாதம் ஒருமுறை வருவானாம், அவனும் வெங்காயப் பையோடு. அவளும் விரிப்புக்கு நடுவில்தான் போட்டிருப்பாள், பயத்தில் நாதிமுடையதை வைத்துவிட்டு மகனுடையதை எடுத்துவந்துவிட்டாள்... அல்லது தெரிந்தேதான் மாற்றினாளா? திருப்பிக் கொடுத்தால், உன் மகன் யாரென்று எனக்குத் தெரியும் என்று சொன்னதாகிவிடும். ஒரு வருஷமாக நான் அவளுக்குப் பயந்தேன், அவள் எனக்குப் பயந்திருக்கிறாள். ஊசியில் நூல் கோத்தேன், நாலு விரல் மடித்தேன். சுவருக்கு அப்பால், நாதிமுடையதன் மடிப்பைப் பிரித்து நீளமாக்கத்தான், தையல் மிஷின் ஓட ஆரம்பித்தது, கடகடவென்று, தெரு முழுக்கக் கேட்கும்படி... கையால் தையுங்களேன் மாமி, யாராவது வந்து என்ன தைக்கிறீர்கள் என்று கேட்டால்?