கருவாயனின் கழுத்து மணி

கயிறு ஆணியிலிருந்து இறங்கியதுதான் தாமதம், கருவாயன் வீட்டையே தலைகீழாக்கிவிட்டான்.

தண்ணீர்ச் சொம்பு உருண்டது. பாயின் ஓரம் கிழிந்தது. கழுத்து மணி கணகணவென்று அலற, குணவதியின் தோள்வரை எகிறிக் குதித்தான். வாசலுக்கும் அவளுக்குமாக ஓடினான். கடைவாயில் நுரை வழிந்தது. ஒரு வயதுகூட நிரம்பாத நாய். உலாவப் போவதைவிடப் பெரிய இன்பம் உலகத்தில் இருப்பதாக அவனுக்குத் தெரியாது.

குணவதி அந்த நுரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த வருஷம் பினாங்கு முழுக்க வெறிநாய்ப் பயம். அக்கரையில் தாசேக் கெலுகோர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நாய் கடித்து ஒருவன் செத்தான் என்ற செய்தி கடல் தாண்டி வந்தது. பின்னாலேயே உத்தரவும் வந்தது. நோயில்லை என்று சான்று சொல்லும் தகர வில்லை கழுத்தில் இல்லாத நாய் எங்கே தென்பட்டாலும், வீட்டுக்குள் இருந்தாலும், சுட்டுவிடுவார்கள். வில்லை வேண்டுமென்றால் நாயைக் கயிற்றில் பிடித்து நடத்திக்கொண்டுபோய், டவுனில் மிருக டாக்டர் முன்னால் நிறுத்த வேண்டும். நடையைப் பார்த்துத்தான் அவர் முடிவு சொல்வார். நுரை தள்ளித் துள்ளுகிற நாய்க்கு அங்கேயே கணக்கு முடிந்துவிடும். வருகிற வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

போன மழைக்காலத்தில் குணவதிக்குப் பிறந்த பிள்ளை, பிறந்த கையோடு போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் வாசற்படி தாண்டவில்லை. எங்கிருந்தோ வந்த இந்தக் குட்டிதான் அவள் சேலைத் தலைப்பைக் கவ்வி இழுத்து, மறுபடி வெயிலுக்குக் கொண்டுவந்தது. இவனும் போய்விட்டால் அந்தப் படியை இன்னொரு தரம் தாண்டத் தன்னால் ஆகாதென்று அவளுக்குத் தெரியும்.

"இறுக்கிப் பிடி புள்ள!" என்று கத்தினான் அவள் கணவன் திருநாவுக்கரசு. "கயிறு தொளதொளன்னு இருந்தா எந்தச் சீவன் சொன்னபடி கேக்கும்?"

கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிக்கும் சரக்குக் கிட்டங்கிகளுக்கும் நடுவே மாட்டுவண்டி ஓட்டுகிறவன் அவன். காளைக்கு மணி கட்டினால் நடை சீராகும். மூக்கணாங்கயிறு இறுகினால் அப்படியே நிற்கும். மாட்டுக்குத் தெரிந்தது நாய்க்குத் தெரியாதா என்ற நினைப்பில் காளை மணிகளில் மிஞ்சிய ஒன்றைக் கருவாயன் கழுத்தில் கட்டிவிட்டிருந்தான். கருவாயனோ மணி கேட்கக் கேட்கத் துள்ளினான். கயிறு இறுக இறுக முன்னே பாய்ந்தான்.

பக்கத்து வீட்டு நூர் பீவி கொடியிலிருந்த வெள்ளைத் துணிகளை அவசர அவசரமாக உருவிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி குணவதி, உன் வீட்டுல தினம் கல்யாணமா? அண்ணன் நாய வண்டியில பூட்டப் போறாரா?"

"மன்னிச்சுக்கங்க அக்கா, மேல பட்டுருச்சா?"

"நாய் எச்சில் பட்டா எங்க மார்க்கத்துல ஏழு தரம் அலசணும் லா, அதுல ஒரு தரம் மண்ணு போட்டு! அதான் மணி கேட்டாலே உள்ள ஓடிர்றேன். நல்ல கூத்து போ. மணி கேட்டா அது ஆடுது, மணி கேட்டா நான் ஓடுறேன்."

சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அந்தப் பேச்சு குணவதிக்கு உறைத்தது. ஆட்டம் தெருவில் தொடங்கவில்லை. கயிறு ஆணியை விட்டு இறங்கும்போதே தொடங்கிவிடுகிறது!

அன்றைக்கே மணியைக் கழற்றிப் பரண்மேல் போட்டாள்.

கயிற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அரிசி புடைக்க உட்கார்ந்தாள். கருவாயன் குதித்தான், குரைத்தான், முகத்தை நக்க வந்தான். அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. புடைத்து முடித்ததும் கயிறு ஆணிக்குப் போய்விட்டது. உலா இல்லை. மறுபடி எடுத்தாள், மறுபடி மாட்டினாள். அடுப்படிக்குக் கயிற்றோடு போனாள், கிணற்றடிக்குக் கயிற்றோடு போனாள். கடைசியில் கருவாயனுக்கே சலித்துவிட்டது. கயிறு இறங்கினால் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

அடுத்தது கதவு. ஒரு சாண் திறப்பாள்; பாய்ந்தால் மூடிவிடுவாள். அவன் பின்புறம் தரையில் பட்டால்தான் கதவு மறுபடி திறக்கும். தெருவில் அவன் இழுத்தால் கல்தூண் மாதிரி நின்றுவிடுவாள். அதட்டல் இல்லை, கெஞ்சல் இல்லை. கயிறு தொய்ந்தால்தான் அடுத்த அடி.

"நாய நீ பழக்குறியா, நாய் உன்னப் பழக்குதா?" என்று சிரித்தான் திருநாவுக்கரசு.

"ரெண்டுந்தான்," என்றாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. கணவன் விடியற்காலையே ஜெட்டிக்குப் போய்விட்டான். அவன் பின்னிக்கொடுத்த பிரம்பு வாய்க்கூடையைக் கருவாயனுக்கு மாட்டி, வீடிருந்த ஜெலுத்தோங்கிலிருந்து டவுனை நோக்கி நடந்தாள் குணவதி. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை எட்டும்போது தொழுகை முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. தெரு நிறைய வெள்ளை வேட்டி. ஒரு வேட்டி நுனியில் மூக்குப் பட்டாலும் கலவரம்தான். சுவரோரமாக ஒதுங்கி நின்றாள். கயிற்றைத் தொய்ய விட்டாள். கருவாயன் அவள் காலடியில் உட்கார்ந்தான். உடம்பெல்லாம் நடுங்கியது, ஆனால் அவன் எழுந்திருக்கவில்லை.

கூட்டத்தில் வந்த சீனி முகம்மது, நூர் பீவியின் கணவர், இரண்டடி தள்ளியே நின்று பார்த்தார். "பக்கத்து வீட்டுச் சைத்தானா இது? போயிட்டு வாம்மா. நல்லது நடக்கும்."

டாக்டரின் முற்றத்தில் ஒரே நாய்க்கூட்டம். அவளுக்கு முன்னால் வேலு என்ற தோட்டக்காரன், செம்பழுப்பு நாய் ஒன்றோடு நின்றான். அதற்கும் கருவாயன் வயதுதான் இருக்கும். இத்தனை நாய்களை ஒருசேரக் கண்டதில் அது தலைகால் புரியாமல் குதித்தது. வேலு பயந்துபோய்க் கயிற்றைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கினான். இறுக்க இறுக்க அது எகிறியது. வாய்க்கூடை வழியாக நுரை கொட்டியது. வெள்ளைக்கார டாக்டர் துரை பார்த்தார். ஒரு விரலை அசைத்தார். இரண்டு பேர் நாயைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப் போனார்கள்.

வெடிச்சத்தம் கேட்டது.

"அது சந்தோசத்துல குதிச்சுச்சுங்க தொரை," என்றான் வேலு. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வெறுங்கயிறு அவன் கையில் தொங்கியது. "சந்தோசத்துலதான்..."

"அடுத்தது!"

குணவதி முன்னால் வந்தாள். அந்த நேரம் பார்த்தா அது கேட்க வேண்டும்!

கணகண. கணகண.

பாரம் சீக்கிரம் இறங்கிவிட்டதால் மனைவியை ஏற்றிக்கொண்டு போகலாமென்று திருநாவுக்கரசு வண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டான். அதே மணிச் சத்தம்!

கருவாயனின் காது விறைத்தது. மறுகணம் பின்னங்காலில் எழும்பிவிட்டான். துப்பாக்கிக்காரன் ஓரடி முன்னே வந்தான். இழு, இழுத்துப் பிடி என்று குணவதியின் உடம்பே கதறியது. கை தானாகக் கயிற்றைச் சுற்றப் போனது. எதிரே வேலுவின் கை, கயிறு அறுத்த சிவப்புத் தழும்போடு.

விரல்களை விரித்தாள்.

கயிறு தொய்ந்து மண்ணில் விழுந்தது. அதன் நுனி மட்டும் மணிக்கட்டில் மாட்டியிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, வீட்டு வாசலில் நிற்பதுபோலவே அசையாமல் நின்றாள். கருவாயன் துள்ளினான். இழுக்கிற கை இல்லை. மறுபடி துள்ளினான். அதட்டுகிற குரல் இல்லை. மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. அவன் அவளைச் சுற்றி வந்தான். அண்ணாந்து அவள் முகத்தைத் தேடினான். பிறகு மெல்லப் பின்புறத்தைத் தரையில் வைத்தான்.

துரை வெகுநேரம் பார்த்தார்.

"நடத்து."

அவள் நடந்தாள். பக்கத்திலேயே அவனும் நடந்தான். இருவருக்கும் நடுவில் கயிறு வளைந்து தொங்கியது. தகர வில்லையை யாரோ அவள் கையில் வைத்தார்கள். அதை அங்கேயே கருவாயன் கழுத்தில் கட்டினாள்.

வெளியே வந்தபோது மணிச் சத்தம் நின்றிருந்தது. திருநாவுக்கரசு இரண்டு காளைகளின் கழுத்திலிருந்தும் மணிகளை அவிழ்த்து, தலைத்துண்டில் இறுக்கச் சுருட்டிக்கொண்டிருந்தான். கொட்டகையையும் பார்த்திருக்கிறான், வேலுவையும் பார்த்திருக்கிறான்.

"எனக்குத் தெரியாம போச்சே, குணா," என்றான். "ஏறு, போகலாம்."

"நாங்க நடந்தே வர்றோம். அந்த அண்ணன ஏத்திக்குங்க."

வேலு ஏறி உட்கார்ந்தான். வெறுங்கயிற்றை அவன் இன்னும் கீழே வைக்கவில்லை. வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது. கொஞ்ச தூரம் விட்டு, குணவதியும் கருவாயனும் அதன் பின்னால் நடந்தார்கள்.